தேநீர் நிற பிலிம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று எனக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஃபார்ம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். தமிழைக் கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பில் படித்தேன். இந்தியாவிலிருந்து வந்த ஆசிரியர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, திருவிழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பண்டிகை பற்றியோ பக்தி பற்றியோ எழுத எனக்கு வராது. எனக்கு எழுத இருப்பது ஒரே ஒரு விஷயம். அது ஒரு தொழிற்சாலைக் கண்ணாடியில் ஒட்டிய பிலிம் பற்றியது. இதைப் போய் யார் படிப்பார்கள் என்று தோன்றினால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். எனக்கு வருத்தமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் வீட்டிலும் வேலையிலும் பேசியது இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். இங்கே பேச்சாக வருவதையெல்லாம் எனக்குத் தெரிந்த தமிழில் மாற்றி எழுதியிருக்கிறேன். அக்கா என்று கூப்பிட்டது மட்டும் அப்படியே தமிழில் கூப்பிட்டதுதான்.

அந்த நாட்களில் தீவின் வடக்கே ஊருக்கு ஊர் தொழிற்சாலை முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ட்ரியோலேயிலிருந்து காலையில் கம்பெனி பஸ் கிளம்பினால் இரண்டு பக்கமும் கரும்புதான், நடுவில் பெண்கள் நிறைந்த பஸ். எங்கள் தொழிற்சாலையில் கம்பளி நூல் ஸ்வெட்டரும், முன்பக்கம் பொத்தான் வைத்த கார்டிகனும் பின்னி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். இந்த வெயிலில் நின்றுகொண்டு குளிருக்கு உடுப்புப் பின்னுகிறோம் என்று எல்லோரும் சிரிப்பார்கள். நான் அங்கே கிடங்கைப் பார்த்துக்கொண்டேன். நூல், பொத்தான், ஜிப், அட்டைப்பெட்டி எல்லாம் என்னிடம்தான். கிடங்கு எனக்குப் பிடித்திருந்தது. அங்கே அதிகம் பேச வேண்டியதில்லை.

அக்கா என்னுடைய சொந்த அக்கா இல்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், புருஷனை இழந்தவர். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் எப்போதும் அவருடையது. அவர் பேசுவார், நான் கேட்பேன். இருவருக்கும் அது பொருந்தியது.

அவருடைய வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நூலுக்குச் சாயம் போடும்போது ஒரு தடவை போட்ட நிறமும் அடுத்த தடவை போட்ட நிறமும் முழுக்க ஒன்றாக இருக்காது. பெயர் ஒன்றுதான், ஆனால் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும். உடம்புப் பகுதி ஒரு சாயத்திலும் கை இன்னொரு சாயத்திலும் வந்து, அதைச் சேர்த்துத் தைத்துவிட்டால், வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் தைப்பதற்கு முன்னால் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சேரும், சேராது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அக்கா.

அக்காவின் கண்ணை எல்லோருக்கும் தெரியும். பெண்களை மேய்க்கிற உற்பத்தி மேற்பார்வையாளரை நாங்கள் செஃப் என்று கூப்பிடுவோம். அவர் ஒரு நாள் வேண்டுமென்றே ஒரே துணியை இரண்டாக வெட்டி, இரண்டு சாயம் என்று பொய் சொல்லிக் கொடுத்தார். அக்கா ஒரு தடவைதான் பார்த்தார்.

"செஃப், இது ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. எனக்குப் பரீட்சை வைக்கிறதுக்கு முந்தி உங்க சாக்ஸைப் பாத்துக்கங்க. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு நீலம்."

செஃப் குனிந்து பார்த்தார். உண்மைதான். அன்று முழுக்கத் தொழிற்சாலைத் தளமே சிரித்தது.

அக்காவின் மேசை ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்தது. தளத்தின் நடுவில் இடுப்பு வரை பலகை, அதற்கு மேல் கண்ணாடி. அறைக்கு மேலே அட்டைக் கூரை, அதனால் மேலிருந்து வெளிச்சம் கிடையாது. தளத்தின் உயரமான கூரையில் தெற்குப் பார்த்த சாய்வு ஜன்னல்கள் இருந்தன. நம் தீவில் சூரியன் பெரும்பாலும் வடக்கே போகிறது, அதனால் தெற்கிலிருந்து வருவது வெயில் இல்லாத வெளிச்சம். அது தளத்தில் இறங்கி, கண்ணாடி வழியாக அக்காவின் மேசைக்கு வரும். அந்த வெளிச்சத்தில்தான் நிறம் பார்க்க வேண்டும் என்பது விதி. அறைக்குள் ஒரு டியூப் லைட் இருந்தது. அக்கா அதைப் போட விடமாட்டார். "அது பொய் சொல்ற லைட்" என்பார்.

ஒரு நாள் நூல் வண்டியைத் தள்ளி வந்த பெண் திருப்பத்தில் தடுமாறினாள். வண்டியின் இரும்பு மூலை கண்ணாடியில் இடித்தது. ஒரு பெரிய துண்டு உள்ளே விழுந்து, அக்கா அடுக்கி வைத்திருந்த கைத்துண்டுகளின் மேல் கத்தி போலக் குத்தி நின்றது. அக்கா அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். யாருக்கும் காயமில்லை. ஆனால் தொழிற்சாலை இயக்குநர் பயந்துவிட்டார். புதுக் கண்ணாடி போட்ட பிறகு, எல்லாக் கண்ணாடியிலும் பிலிம் ஒட்ட வேண்டும், உடைந்தாலும் சிதறாமல் பிடித்துக்கொள்ளும் என்றார். அடுத்த நாள் அவர் மாதிரிகளோடு ஐரோப்பா போக வேண்டியிருந்தது.

"பிலிம் ஆள் வருவார். நீங்களே பார்த்து ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. நல்லதா இருக்கணும், அவ்வளவுதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே வேலை செய்த பதினோரு வருஷத்தில் என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை மற்றவர்கள் தேர்ந்தெடுத்ததை எண்ணி அடுக்கியிருக்கிறேன்.

பிலிம் ஆள் தலைநகர் போர்ட் லூயியிலிருந்து வந்தார். டை கட்டியிருந்தார். கடற்கரை ஹோட்டல்களுக்கெல்லாம் அவர்தான் ஒட்டுகிறாராம். ஒரு வளையத்தில் கோத்த மாதிரிகளை என் மேசையில் விரித்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க, மதாம். யார் யாரைப் பாக்கணும்? யார் யாரைப் பாக்கக் கூடாது?"

எனக்குப் புரியவில்லை. "கண்ணாடி உடைஞ்சா கீழ விழாம இருந்தாப் போதும்" என்றேன்.

"அதுக்குத் தடிமன்தான் முக்கியம். இது அஞ்சும் ஒரே தடிமன், அஞ்சுமே பிடிக்கும். மத்தது உங்க இஷ்டம்."

ஒவ்வொன்றாகச் சொன்னார். வெள்ளிக் கண்ணாடி போல இருந்தது ஒன்று. வெளிச்சம் அதிகமுள்ள பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடியாகத் தெரியும், இருட்டுப் பக்கம் இருப்பவர் மட்டும் மறுபக்கத்தைப் பார்க்கலாம், வெளிச்சம் மாறினால் எல்லாம் தலைகீழாகும் என்றார். அது வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பெண்களை ஒளிந்து பார்ப்பது போல எனக்குத் தோன்றியது. பனி படர்ந்தது போல ஒன்று, வெளிச்சம் வரும், உருவம் தெரியாது. அறைக்குள் இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும் என்று நினைத்தேன். புகை நிறத்தில் ஒன்று, அது இருட்டு. நான்காவது எந்த நிறமும் இல்லாதது.

"இது ஒட்டினதே தெரியாது. யாரும் கண்டுபிடிக்க முடியாது" என்றார் அவர்.

ஐந்தாவது வெளிர் தேநீர் நிறம். பாலில்லாமல், தண்ணீர் நிறையச் சேர்த்த தேநீர். "கடற்கரைப் பக்கம் புதுசா வர்ற ஹோட்டலெல்லாம் இந்த நிறக் குடும்பம்தான். இது அதுலயே ரொம்ப லேசு" என்றார்.

அந்த அறைக்குள் என்ன வேலை நடக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதுமே இல்லை.

மாதிரி வளையத்தை ஒரு நாள் வைத்துக்கொள்ளச் சொன்னார். மாலை பஸ்ஸில் அதைப் பையிலிருந்து எடுத்து அக்காவிடம் காட்டினேன். அவர் அறைதானே, அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இதை என் மேல் உள்ள குற்றத்தைக் குறைத்துக்கொள்ள எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்து பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நிறமில்லாததைப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஒண்ணுமே இல்லை" என்றார். தேநீர் நிறத்தைப் பிடித்தபோது சிரித்தார்.

"ஆயோ, இதைப் பாரேன்! கரும்புக்காடெல்லாம் தங்கமா இருக்கு. இதை ஒட்டு தங்கச்சி. உள்ள உக்காந்தா நானும் டூரிஸ்ட் அம்மா மாதிரி இருப்பேன்."

முன்சீட்டுப் பெண் திரும்பி, "அக்காவுக்கு எந்த பிலிம் போட்டாலும் டூரிஸ்ட் வரமாட்டான்" என்றாள்.

"வந்தா உனக்கு அனுப்பறேன், போ."

மாதிரி பஸ் முழுக்கச் சுற்றி வந்தது. எல்லோரும் அதன் வழியாகப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அதன் அடியில் ஒரு துணியை வைத்து, அந்தத் துணி எப்படி இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. தொழிற்சாலையிலேயே சிறந்த கண்ணும் பார்க்கவில்லை.

அக்கா சொன்னதற்காக மட்டும் நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நிறமில்லாததைத்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று அன்றைக்கே ஒரு பக்கம் தோன்றியது. எங்கள் தேவைக்கு அது போதும். ஆனால் இயக்குநர் திரும்பி வந்து, என்ன செய்தீர்கள் என்று கேட்டால், ஒட்டியதே தெரியாத ஒன்றைக் காட்டி இதைத்தான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் செய்த ஒரு காரியமாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது. தாளில் ஐந்தாம் எண்ணுக்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வந்து ஒட்டினார்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, பிலிமைப் பரப்பி, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினார்கள். ஒரு குமிழி கூட இல்லை. திங்கட்கிழமை எல்லோரும் வந்து பார்த்தார்கள். அழகாகத்தான் இருந்தது. உள்ளே போய் நின்ற பெண்களின் முகமெல்லாம் சாயங்கால வெயில் பட்டது போல இருந்தது. இயக்குநர் வந்து பார்த்து, "கொரெக்!" என்று மெச்சி என் தோளைத் தட்டினார். அன்று கிடங்கிலிருந்து தேவையில்லாமல் இரண்டு தடவை அந்தப் பக்கம் நடந்தேன்.

இரண்டு மாதம் கழித்து எக்ரூ நிறக் கார்டிகன்கள் திரும்பி வந்தன. எக்ரூ என்பது சாயம் போடாத பஞ்சு போன்ற, வெள்ளையிலும் மஞ்சளிலும் சேராத நிறம். உடம்பு ஒரு எக்ரூ, கை ஒரு எக்ரூ என்று கடிதத்தில் இருந்தது. அடுத்த வாரம் வெளிர் பழுப்பு ஒன்றும் திரும்பியது.

இயக்குநர் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். கோபமாகக் கூட இல்லையாம். "உங்க கண்ணுக்கு வயசாயிடுச்சு, மதாம், எல்லோருக்கும் வர்றதுதான்" என்றாராம். தைப்பூசம் வரை போகட்டும், விடுமுறைக்கு மறுநாள் மேசையில் ஒரு சோதனை வைப்போம், சரியாகச் சொன்னால் மேசை உங்களுடையது, இல்லையென்றால் இஸ்திரிப் பகுதி என்றாராம்.

இஸ்திரிப் பகுதி என்றால் நாள் முழுக்க நீராவிக்கு முன்னால் நிற்க வேண்டும். அக்காவின் கால்களில் நரம்பு புடைத்திருந்தது. மேசையில் உட்கார்ந்து வேலை செய்ததால்தான் அவரால் வீட்டுக்கு நடந்து போக முடிந்தது. ஆனால் பஸ்ஸில் அவர் காலைப் பற்றிப் பேசவில்லை.

"கண்ணுன்னா என் கண்ணுன்னு சொல்லிட்டிருந்தேன். அதான் அம்மன் எடுத்துக்கிட்டா" என்றார். பிறகு அந்த வழி முழுக்கப் பேசவில்லை. அந்த பஸ்ஸில் அக்கா பேசாமல் வந்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் நாள்.

வேறு ஒரு விஷயமும் அவர் சந்தேகத்தை உறுதியாக்கியது. ஒரு வருஷமாகவே ஊசியில் நூல் கோக்க அவருக்குச் சிரமமாக இருந்தது. நாற்பதைத் தாண்டினால் அது எல்லோருக்கும் வருவது, எனக்கும் இப்போது வந்திருக்கிறது. ஊசி காது தெரியாததும் நிறம் தெரியாததும் வேறு வேறு என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. கோவிலுக்குப் போய் அம்மனிடம் வெள்ளிக் கண் சாத்துவதாகவும், முருகனுக்குக் காவடி எடுப்பதாகவும் வேண்டிக்கொண்டார். பத்து நாள் விரதம் தொடங்கினார்.

திரும்பி வந்த பெட்டிகள் கிடங்குக்குத்தானே வரும். விரதத்தின் நான்காம் நாள் ஒரு பெட்டியைப் பிரித்து, கிடங்கு வாசலில் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கார்டிகனை விரித்தேன். கை மஞ்சளாக இருந்தது, உடம்பு வெள்ளையாக இருந்தது. எனக்கே தெரிந்தது. எனக்குத் தெரிவது அக்காவுக்கு எப்படித் தெரியாமல் போகும்?

சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடி அறையில் ஆள் இல்லாதபோது அந்தக் கார்டிகனை எடுத்துப் போய் மேசையில் வைத்தேன். முதலில் வித்தியாசம் கொஞ்சம் தெரிந்தது. அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் போனதும் அந்த அறையில் எந்த நிறமும் ஏறியிருப்பதாகவே தோன்றவில்லை. சுவரில் ஒட்டியிருந்த காகிதம் வெள்ளையாகத்தான் இருந்தது. கண் பழகிவிட்டது. கார்டிகனைப் பார்த்தேன். கையும் உடம்பும் ஒன்றாக இருந்தன. வெளியே எடுத்து வந்தேன், இரண்டாகின. உள்ளே போனேன், ஒன்றாகின. மூன்றாம் தடவையும் அப்படியே.

டியூப் லைட்டை நம்பாத அக்கா பிலிமை நம்பியிருந்தார். நான் தேர்ந்தெடுத்தது என்பதால் நம்பினாரோ என்னவோ.

செஃபிடம் போவதற்கு எனக்கு இரண்டு நாள் ஆனது. என்ன சொல்ல வேண்டும் என்று சிகரெட் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டேன். அவர் முன்னால் நின்றபோது அட்டையைப் பார்க்கவில்லை.

"செஃப், அந்தக் கண்ணாடி பிலிம்... அதனாலதான் நிறம் சரியாத் தெரியலைன்னு நினைக்கிறேன்."

"எந்த பிலிம்?" அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார். அந்தப் பக்கம் ஒரு பெண்ணை நிறுத்தி, "எத்தனை விரல்?" என்று கேட்டு இரண்டு விரலைக் காட்டச் சொன்னார். "ரெண்டு. எனக்கு நல்லாத் தெரியுதே மதாம். உங்களுக்குத் தெரியலையா?"

"பாக்கறதுக்கு இல்ல செஃப். உள்ள விழற வெளிச்சம்..."

"ஒட்டினப்போ, இது ரொம்ப லேசான நிறம்னு நீங்கதானே சொன்னீங்க?" அவர் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. "யோசிச்சுச் சொல்லுங்க. பிலிம்தான் காரணம்னா ரெண்டு ஆர்டர் போனது பிலிமால. பிலிம் தாள்ல யார் கையெழுத்து?"

கையெழுத்து என்னுடையது. "வயசான கண்ணு, மதாம். விடுங்க. உங்களையும் சேத்து இழுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு கார்டிகனை எடுத்து வாசலில் விரித்துக் காட்டியிருக்கலாம். அது அவர் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது. எனக்கு எல்லாமே ஆள் போன பிறகுதான் தோன்றும்.

பிறகு பஸ்ஸில் அக்காவிடமே சொன்னேன். பஸ் இரைச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். விரதத்தில் அவர் முகம் சுருங்கியிருந்தது.

"நீ நல்லவ தங்கச்சி. எனக்காகக் காரணம் தேடற. கண்ணாடி என்ன பண்ணும்? அதை ஒட்டினதுலேர்ந்து மூணு மாசமா அதே அறையில உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? வெள்ளைக் காகிதம் வெள்ளையாத்தான் தெரியுது."

"கொஞ்ச நேரம் இருந்தா எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் அக்கா..."

"நேத்து ஊசில நூல் கோக்க அரைமணி ஆச்சு. அதுக்கும் உன் பிலிம்தான் காரணமா? வீட்டு ஜன்னல்லயும் வந்து ஒட்டிட்டியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது.

தைப்பூசத்தன்று வெயில் கடுமையாக இருந்தது. அக்கா மெஜந்தா நிறப் புடவையில், கன்னத்தில் சிறு வேல் குத்தி, பூவும் தென்னங்குருத்தும் எலுமிச்சையும் கட்டிய காவடியைத் தோளில் வைத்து ஆற்றங்கரையிலிருந்து நடந்தார். நான் தண்ணீர்க் குடத்தோடு பின்னால் போனேன். தார் ரோடு சுட்டது. வீட்டு வாசல்களில் இருந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வழி முழுக்க நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். நாளை சோதனை வைக்கும்போது மேசையை வெளியே போடச் சொல்லும் தைரியத்தை எனக்குக் கொடு என்று. கண்ணைக் கொடு என்று வேண்டவில்லை. கண் அவரிடம்தான் இருந்தது.

கன்னத்து வேலைக் கழற்றி, அபிஷேகம் முடிந்து, அக்கா கோவில் முற்றத்தில் மரத்தடியை விட்டுத் தள்ளி வெயிலில் உட்கார்ந்தார். இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே இரண்டு கம்பளித் துண்டுகள். திரும்பி வந்த எக்ரூ கார்டிகனின் கையும் உடம்பும். அவர் அதை எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு அழுதார்.

"தெரியுது தங்கச்சி. இது மஞ்சள், இது வெள்ளை. பாரு. தெரியுது! குடுத்துட்டான், திருப்பிக் குடுத்துட்டான்."

அவர் என்னைக் கட்டிக்கொண்டார். வியர்வையும் விபூதியும் பாலும் சேர்ந்த வாசனை. பக்கத்தில் இருந்த பெண்கள் விஷயம் கேட்டு அரோகரா என்றார்கள். அந்த இடத்தில், அந்தச் சத்தத்துக்கு நடுவில், அது பிலிம் இல்லாத வெளிச்சம் அக்கா, அவ்வளவுதான் என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? இருந்தாலும் கொஞ்ச நேரம் கழித்துச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

"நாளைக்கு செஃப்கிட்ட சொல்லி மேசையை வாசல்ல போடச் சொல்லலாம் அக்கா. இந்த மாதிரி வெளிச்சத்துல."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய அக்கா திரும்பி வந்திருந்தார்.

"எதுக்கு? எங்க தோத்தேனோ அங்கதான் ஜெயிக்கணும். வாசல்ல போட்டா, பாவம் பாத்து விட்டாங்கன்னு அந்தப் பொண்ணுங்க பேசும். அதே மேசை, அதே நாற்காலி. செஃபோட சாக்ஸையும் சேத்துப் பாத்துடறேன்."

வாழையிலையில் சோறும் பூசணியும் பருப்பும் ரசமும் போட்டார்கள். பத்து நாளுக்குப் பிறகு அக்கா நிறையச் சாப்பிட்டார். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் வரும் ஊர் பஸ்ஸில் போனேன். கிடங்கிலிருந்து பிளேடு எடுத்துக் கண்ணாடியின் கீழ் மூலையில் சுரண்டினேன். நல்ல பிலிம், உள்ளங்கை அளவுதான் உரிந்தது, அந்த இடத்திலும் பசை நின்றது. அக்கா எட்டு மணிக்கு விபூதியோடு வந்தார். மேசையை வெளியே எடுங்கள் என்று செஃபிடம் சொன்னேன். பிறகு பார்க்கலாம் என்றார். அதே கண்ணாடி அறையில் பத்து ஜோடித் துண்டுகள் வைத்தார்கள். அக்கா ஆறு ஜோடியில் தவறினார். மதியத்துக்குப் பிறகு அவரை இஸ்திரிப் பகுதிக்கு மாற்றினார்கள்.